பல் பிடுங்கப் போன திருவனந்தபுரம்

திருவனந்தபுரம் போய்வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கோயிலைக் கேட்கிறார்கள். அப்புறம் கோவளம், அப்புறம் மிருகக்காட்சி சாலை. எதையும் நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் கூரையை. மல்லாந்து படுத்து, வாயைப் பிளந்துகொண்டு, ஆற அமரப் பார்த்தேன். கோயிலும் கடலும் தேடி வந்தவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். கையில் காசில்லாமல் பல்வலியோடு இருப்பவர்கள் மட்டும் ஏறி உட்காருங்கள்.

நாகர்கோவிலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பழகுகிறவர் ஸ்டியரிங் முன்னால் இருப்பார். நான் இடதுபக்க சீட்டில், காலடியில் ஒரு தனி பிரேக்கோடு இருப்பேன். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த சீட்டில்தான் பிழைப்பு. ‘கிளட்சை மெதுவா விடும்மா, அது ஒண்ணும் பாம்பு இல்ல’ என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேசுவது எனக்குப் பிடித்த விஷயம். வீட்டுக்கு வந்தும் இன்றைக்கு யார் ஆட்டோவில் இடித்தார், யார் ரிவர்ஸ் கியரில் முன்னால் போகப் பார்த்தார் என்று மனைவி செல்வராணியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

மூன்று மாதம் முன்பு ஆபீசுக்கு டீ பார்சல் வந்தது. பிளாஸ்டிக் பையின் முடிச்சு இறுக்கமாக இருந்தது. கத்தரிக்கோல் மேஜைமேலேயே கிடந்தது. ஆனாலும் நம் ஆட்கள் கத்தரிக்கோலைத் தேடுவோமா? பல்லால் கடித்து இழுத்தேன். மேல்வரிசை முன்பல் பாதியாக உடைந்து டீக்குள் விழுந்தது. மிச்சப் பாதி ஈறில் ஆடிக்கொண்டு நின்றது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் செருப்பு ஒட்டும் பசை ஒரு சிறு குழாய் வாங்கி, கண்ணாடி முன்னால் நின்று, உடைந்த துண்டை ஒட்டினேன். இரண்டு நாள் நின்றது. மறுபடி ஒட்டினேன். மூன்றாம் தடவை துண்டு தொலைந்தே போயிற்று.

பல் உடைந்தது ஊருக்குத் தெரிந்த கதை. ஈறு கெட்டுப்போயிருந்தது எனக்கே சரியாகத் தெரியாத கதை. பல் தேய்க்கும்போது ரத்தம் வரும். இன்னும் அழுத்தித் தேய்த்தால் சரியாகும் என்று நினைத்திருந்தேன். பழக வந்த ஒரு பேங்க் அம்மா தினமும் மாஸ்க் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார். கொரோனா பயம் இன்னும் போகவில்லை, பாவம் என்று நினைத்தேன். இன்னொருவர் ஏசி ஓடும்போதே கண்ணாடியை இறக்கிவிட்டார். அவருக்குக் காற்று பிடிக்கும் போல என்று நினைத்தேன். அட மடையா என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனுஷர். “அண்ணாச்சி, கொஞ்ச நாள் ஆபீஸ்ல இருந்து எல்.எல்.ஆர். ஃபாரம் எல்லாம் பாருங்களேன். வண்டிக்கு வேற ஆளப் போட்டுக்கிடுதேன்” என்றார். காரணம் சொல்லவில்லை. நான் ஏன் என்று கேட்க வாயைத் திறந்ததும் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார். அந்த ஓர் அடியில் மாஸ்க்கும் விளங்கிற்று, இறக்கிவிட்ட கண்ணாடியும் விளங்கிற்று. காது மடல்வரை சூடாகிவிட்டது. என் பக்கத்தில் உட்கார ஒரு மனுஷர் இல்லாமல் போகப்போகிறது என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் வாயை மூடிக்கொண்டேன்.

நாகர்கோவிலில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். பல்லுக்கும் ஈறுக்கும் சேர்த்து இருபத்தெட்டாயிரம் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம்தான் திருவனந்தபுரத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். படிக்கிற பிள்ளைகள் வைத்தியம் பார்ப்பார்கள், பக்கத்தில் பேராசிரியர் நிற்பார், செலவு சில நூறு ரூபாய்தான். பெயர் வேண்டாம். அங்கே நான் பண்ணின கூத்துக்கு அந்தப் பெயரை இழுப்பது நியாயமில்லை. தனியாகப் போய்விட்டு வரலாம் என்று பார்த்தேன். “எனக்கும் ஊரு பாத்தாப்ல இருக்கும்” என்று செல்வராணியும் கிளம்பிவிட்டாள்.

புதன்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். நாகர்கோவிலிலிருந்து பாசஞ்சர் ரயில், எழுபது கிலோமீட்டர் சொச்சம், ஆளுக்கு இருபது ரூபாய். கிளம்புமுன் அரைமணி நேரம் பல் தேய்த்தேன். வாஷ்பேசின் சிவப்பாகும்வரை தேய்த்தேன். டாக்டருக்கு முன்னால் சுத்தமாக இருக்க வேண்டுமே என்ற வெட்கம். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கர்சீப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

இரணியல் தாண்டியதும் செல்வராணி பொட்டலத்தைப் பிரித்தாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. வாசனைக்கே வயிறு கூப்பிட்டது. முந்தின இரவும் நான் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனால் பல்லிடுக்கில் இட்லித் துணுக்கோடு டாக்டர் முன்னால் வாயைத் திறப்பதா? அப்புறம் என்று கையைக் காட்டினேன். அவள் என் பங்கை அப்படியே மடித்து வைத்தாள்.

குழித்துறையில் ஒரு பெரியவர் ஏறி எதிரில் உட்கார்ந்தார். பாறசாலையில் மகளைப் பார்க்கப் போகிறவர். “எங்க போறிய?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். “வைத்தியமா?” தலையை ஆட்டினேன். “தொண்டையா?” அதற்கும் ஆட்டினேன். அவர் என் மனைவியைப் பார்த்து, “பாவம், பேச்சு போயிட்டாக்கும்” என்றார். வெளியே ரப்பர் மரங்களும் தென்னையும் மாறி மாறி ஓடின. பாறசாலை வந்ததும் பெயர்ப்பலகைகள் மலையாளத்துக்கு மாறின. நெய்யாற்றின்கரையில் ஒரு கூட்டம் ஏறி ஆளுக்கு ஆள் முட்டிக்கொண்டு நின்றது. ஒருவர் முகம் என் முகத்துக்கு மிக அருகில் வந்தது. நேமம் தாண்டி ரயில் நிற்கும்வரை மூச்சை மூக்காலேயே விட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனுக்கு எதிரே தம்பானூர் பேருந்து நிலையம். அங்கிருந்து நகரப் பேருந்தில் ஏழு கிலோமீட்டர், ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். இந்த ஊர்ச் சாலை ஏறும், இறங்கும், வளையும். சமதளம் என்பதே கிடையாது. ஓட்டுநர் ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் தொடாமல், கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தார். கிளட்ச் பிளேட் என்ன பாடுபடும் என்று என் வயிறு எரிந்தது. வலது கால் தன்னால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. வாய் இருந்திருந்தால் நடத்துநரிடமாவது சொல்லியிருப்பேன்.

கல்லூரியில் ஓ.பி. சீட்டு இருபது ரூபாய். எங்களுக்கு முன்னால் முப்பது பேராவது இருந்தார்கள். கன்னத்தைப் பிடித்திருந்தவர்கள் பாதிப்பேர், வாயைக் கையால் மறைத்திருந்தவர்கள் மீதிப்பேர். என் ஜாதிக்காரர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. என் பெயரைக் கூப்பிட்டதும் அந்த ஆறுதல் போய்விட்டது.

வெள்ளைக் கோட்டில் ஒரு சின்னப் பெண் வந்தாள். இருபத்துமூன்று வயது இருக்கலாம். “அங்கிள், நான் நிவேதா, ஃபைனல் இயர். தமிழ்ல பேசலாம், கேட்டோ. இங்க ஆரியசாலையில அப்பாவுக்கு மொத்தக் கட உண்டு. நாங்களும் தமிழ்தான்” என்றாள். எனக்குத் திக்கென்றது. மலையாளம் மட்டும் பேசுகிறவர் கிடைத்தால் பாதி விஷயத்தை மழுப்பிவிடலாம் என்று இருந்தேன். அதுவும் போயிற்று.

செல்வராணியைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, கேள்வி மேல் கேள்வி கேட்டு எழுதினாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, சிகரெட் உண்டா. எல்லாம் இல்லை. ரத்தம் வருமா? எப்பவாவது. “வாயில ஸ்மெல் உண்டோ அங்கிள்?”

“இல்ல” என்றேன், படக்கென்று.

பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. “உண்டு டாக்டர். ஒரு நாலு வருஷமா.”

நான் திரும்பவில்லை. திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நாலு வருஷம்! முதலாளி ஓர் அடி நகர்ந்தது இரண்டு மாதம் முன்பு. இவள் நாலு வருஷமாக, ஒரே கட்டிலில், ஒரே தட்டுக்கு எதிரே, என் மூச்சை வாங்கிக்கொண்டு கதை கேட்டிருக்கிறாள். ஒருநாள்கூட முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஊர் முன்னால் அவமானப்பட்டால் ஊரைத் திட்டிக்கொள்ளலாம். இதற்கு யாரைத் திட்டுவது? பூமி பிளந்தால் நாற்காலியோடு உள்ளே போயிருப்பேன். நிவேதா எதையும் கவனிக்காதவள்போல் எழுதிக்கொண்டாள். அந்த மரியாதை இன்னும் கூச வைத்தது.

அடுத்து ஒரு மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு அளந்தாள். இன்னொரு மாணவி எழுதினாள். “ஃபோர். சிக்ஸ். செவன்.” ஏழு என்றதும் எனக்கு லேசாகச் சந்தோஷம். நாங்கள் ஸ்கூலில் பத்துக்கு மார்க் போடுவோம், ஏழு வந்தால் டெஸ்டுக்கு அனுப்பலாம். “ஏழு பரவால்லையா?” என்று கேட்டேன்.

“அங்கிள், மூணு வரைதான் நல்லது. மேல போகப் போக மோசம்” என்றாள். பேனா பிடித்திருந்த மாணவி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்புறம் விளக்கை முன்பல் பக்கம் திருப்பினாள். “இதென்ன, இங்க பளபளன்னு ஒட்டிப் பிடிச்சிருக்கு?”

“பசை.”

“எந்தப் பசை?”

“செருப்புக்குப் போடுறது.”

பேனா பெண்ணால் தாங்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். பக்கத்து நாற்காலியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மானம் கப்பலேறிற்று. நிவேதா மட்டும் சிரிக்கவில்லை. “எங்க அப்பாவும் கண்ணாடி ஃப்ரேம அதுலதான் ஒட்டுவாரு. பல்லுக்கு வேண்டா அங்கிள், ஈறு வெந்து பொள்ளிப் போயிருக்கு” என்றாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், அறுபது ரூபாய். உடைந்த பல் வேர்வரை விரிசல் விட்டிருந்தது, எடுத்தே ஆக வேண்டும். கீழே நாலு முன்பற்கள் ஆட ஆரம்பித்திருந்தன. ஈறுக்கடியில் எலும்பு கரைந்திருக்கிறது என்று படத்தில் விரல் வைத்துக் காட்டினாள். “போன எலும்பு திரும்ப வராது. இருக்கறத நிறுத்தலாம். அஞ்சு தடவ வரணும், ஈறுக்கடியில கிளீன் பண்ணணும். ஸ்மெல்லும் அதுலயே குறையும். வருவீங்கல்லோ?” தலையை ஆட்டினேன். பல்லை இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றாள். எடுக்க எண்பது ரூபாய்.

எடுக்கிற ஹாலுக்குள் கூட வந்தவர்களை விடுவதில்லை. செல்வராணி வெளியே பெஞ்சில் பையோடு உட்கார்ந்தாள். உள்ளே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு திறந்த வாய், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக் கோட்டு. நடுவில் பேராசிரியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். எனக்கு எங்கள் மைதானமே நினைவுக்கு வந்தது. பழகுகிற வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் ‘எல்’ போர்டு. இன்றைக்கு நான்தான் வண்டி.

நிவேதா கையுறை மாட்டிக்கொண்டே கேட்டாள். “காலைல சாப்பிட்டாச்சல்லோ அங்கிள்?”

“ஆச்சு, ஆச்சு” என்றேன்.

ஏன் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. நம் பக்கத்தில் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்டால் ‘ஆச்சு’ என்பதுதான் பதில். மூன்று நாள் பட்டினியாக இருந்தாலும் ‘ஆச்சு’ என்றுதான் சொல்வோம். இல்லை என்று சொன்னால் அவர்கள் எழுந்து இன்னொரு இலை போட வேண்டி வருமே என்ற கூச்சம். பிறந்ததிலிருந்து ஊறிப்போன பழக்கம். டாக்டர் கேட்டது வைத்தியக் கேள்வி. என் வாய் சொன்னது விருந்தாளி பதில்.

ஊசியை எடுத்தாள். அவள் கை லேசாக நடுங்கியது. எனக்குத் தெரியாத நடுக்கமா? முதல் தடவை மெயின் ரோட்டுக்கு வண்டியை எடுக்கிறவர்களிடம் வருஷக்கணக்காகப் பார்க்கிற நடுக்கம். ஆனால் குத்தியது நன்றாகவே குத்தினாள். மேலுதடு தடித்து, மூக்கு நுனி காணாமல் போயிற்று. அப்புறம் கூரை மெதுவாகச் சுற்றியது. மின்விசிறிதான் சுற்றுகிறது என்று நினைத்தேன். அந்த ஹாலில் மின்விசிறி கிடையாது.

கண் விழித்தபோது கால் மேலேயும் தலை கீழேயும் இருந்தன. யாரோ என் சட்டைப் பித்தானைக் கழற்றியிருந்தார்கள். சுற்றிலும் வெள்ளைக் கோட்டுகள். பக்கத்து நாற்காலிக்காரர் வாயில் பஞ்சோடு எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் கடுமை. “கழிச்சோன்னு சோதிச்சில்லே நிவேதா?” சாப்பிட்டாரா என்று கேட்கவில்லையா என்கிறார்.

“சோதிச்சு சார். கழிச்சூன்னு பறஞ்ஞு.” சாப்பிட்டதாகச் சொன்னார் என்று சொன்னவள் முகம் சிவந்திருந்தது.

பேராசிரியர் நம்பவில்லை. என் பக்கம் குனிந்து, காலையில் ஏதாவது சாப்பிட்டேனா என்று என்னிடமே கேட்டார். “நிங்ஙள் ராவிலே வல்லதும் கழிச்சோ?”

அத்தனை பேர் பார்க்கிறார்கள். இப்போதாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கொஞ்ச நேரம் முன்பு சொன்னது பொய் என்றாகும். ஐம்பது வயது ஆள் சாப்பாட்டு விஷயத்தில் பொய் சொன்னான் என்றாகும். “கழிச்சு சார்” என்றேன், தடித்த உதட்டோடு.

அந்த நேரத்தில் ஊழியர் ஒருவர் செல்வராணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் விழுந்துவிட்டேன் என்று யாரோ வெளியே சொல்லியிருக்கிறார்கள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தவள் என் காலைத் தொட்டுப் பார்த்தாள். என்ன சாப்பிட்டார் என்று பேராசிரியர் கேட்டதும், “நேத்து ராத்திரியில இருந்து பச்சத்தண்ணிதான் சார். இந்தா, இட்லி அப்படியே இருக்கு” என்று பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். அவளுக்கு நான் சொன்ன பொய் தெரியாது, பாவம்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. நிவேதா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நம்பியிருந்தேனே என்கிற மாதிரி பார்த்தாள். பசை சமாச்சாரத்தில் போன மானம் ஒன்றுமே இல்லை என்று அப்போது பட்டது. அது என் பல், என் முட்டாள்தனம். இது அந்தப் பிள்ளையின் பெயர்.

குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். இருபது நிமிஷம் படுக்க வைத்து, பிரஷர் பார்த்தார்கள். எல்லாம் சரியானதும் பேராசிரியர் கையுறையை மாட்டிக்கொண்டார். “ஞான் எடுக்காம்” என்றார். நான் எடுத்துவிடுகிறேன் என்று. நிவேதா ஓர் அடி விலகி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அது எனக்கு ஆகவில்லை. பழகுகிறவர் தடுமாறும்போது ஸ்டியரிங்கைப் பிடுங்கி நாமே ஓட்டிவிட்டால் வண்டி பத்திரமாக வீடு வந்து சேரும். ஆனால் அந்த ஆள் அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடக் கை வராமல் நிற்பார். நான் இப்படி இரண்டு பேரைக் கெடுத்திருக்கிறேன். அதுவும் இவள் எந்தத் தவறும் செய்யவில்லை. ரோட்டில் குறுக்கே பாய்ந்தவன் நான்.

“சார்” என்றேன். வாய் கோணிக்கொண்டு வந்தது. எச்சில் வழிந்தது. துடைத்துக்கொண்டு தமிழிலேயே சொன்னேன். “அந்தப் பிள்ள ஒழுங்காத்தான் கேட்டுச்சு. நான்தான் பொய் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். பல்ல அதுவே எடுக்கட்டும்.”

பேராசிரியர் என்னையே பார்த்தார். “உறப்பாணோ?” என்றார்.

“உறுதிதான் சார். நீங்க பக்கத்துல நில்லுங்க. நானும் ஊர்ல அந்த வேலதான் பாக்கேன்.”

அவருக்கு என்ன புரிந்ததோ, கையுறையைக் கழற்றினார். நிவேதா மறுபடி வந்து விளக்கைத் திருப்பினாள். காலையிலிருந்து கேட்டதற்கு மட்டும் அரைகுறையாகத் திறந்த வாயை இப்போது கூச்சத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அகலத் திறந்தேன். நாற்றம் அடிக்கட்டும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அவள் பல் பிடுங்கும் இடுக்கியை வைத்துவிட்டு ஒரு கணம் தயங்கினாள். மைதானத்தில் இப்படித் தயங்கினால் டேஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டுவேன், போ என்று அர்த்தம். நாற்காலிக் கையை இரண்டு தட்டுத் தட்டினேன். மெதுவாக இடமும் வலமும் அசைத்து, முறுக்கி, எடுத்துவிட்டாள். தட்டில் ‘டிங்’ என்று விழுந்தது. பேராசிரியர் “கொள்ளாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.

பஞ்சை வைத்து, கடித்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு மணி நேரம் எடுக்கக் கூடாது, சூடாக ஒன்றும் குடிக்கக் கூடாது, துப்பக் கூடாது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “ஐயோ, அதெல்லாம் வேண்டா அங்கிள். இனி யாரு ‘ஆச்சு’ன்னாலும் என்ன சாப்பிட்டீங்கன்னும் சோதிப்பேன்” என்று சொல்லிச் சிரித்தாள். இதைக் கேட்டபிறகும் தலை நிமிரவில்லை எனக்கு. அடுத்த புதன்கிழமைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்தது. கிழக்கேகோட்டையில் இறங்கினோம். கோயிலுக்குப் போகலாம் என்று செல்வராணி முதல்நாளே புடவை எடுத்து வைத்திருந்தாள். வாயில் ரத்தத்தோடு நான் உள்ளே போகக் கூடாது. நீ போ என்று சைகை காட்டினேன். அவள் தூரத்தில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். சாலைக் கடைத்தெருவில் நேந்திரங்காய் சிப்ஸ் சட்டியிலிருந்து சுடச்சுட அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கால் கிலோ வாங்கினாள், எனக்கு மணம் மட்டும். இத்தனைக்கும் அன்றைய மொத்தச் செலவு ஐந்நூறைத் தொடவில்லை.

தம்பானூரில் ரயிலுக்குக் காத்திருந்தபோது முதலாளிக்கு வாட்ஸப்பில் எழுதினேன். ஐந்து புதன்கிழமை லீவு வேண்டும். காரணம்: காய்ச்சல். ஐந்து புதன்கிழமை மட்டும் வருகிற காய்ச்சல் எங்கே இருக்கிறது? அழித்துவிட்டு, ‘ஈறு வைத்தியம், வாய் நாற்றம் போவதற்கு’ என்று எழுதி அனுப்பினேன். விரல் கூசியது. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சாயங்கால ரயிலில் நல்ல கூட்டம். எப்படியோ ஜன்னலோரம் இரண்டு இடம் கிடைத்தது. நான் கர்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். நேமம் போயிற்று. இந்த ஊரையும் நம் ஊரையும் ஒப்பிட்டு நாலு வரி யோசித்து வைத்தேன், பயணக் கட்டுரை எழுதினால் உதவுமே என்று. அங்கே சாலை ஏறி இறங்குகிறது, இங்கே சமம். அங்கே இட்லிக்குச் சாம்பார் அதிகம், இங்கே சட்னி. அதற்குமேல் ஓடவில்லை. நாலு வருஷம் என்பதுதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

நெய்யாற்றின்கரை தாண்டியதும் செல்வராணி கேட்டாள். “பஞ்ச எப்ப எடுக்கச் சொன்னாங்க?”

ஒரு விரலைக் காட்டினேன்.

“ஒரு மணிக்கூரா? அது எப்பவோ ஆயாச்சே. எடுங்க.”

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இருக்கிறவரை அது நல்ல சாக்கு.

“காலைல வரும்போதும் ஒரு வார்த்த பேசல. ரெண்டு மாசமா வீட்லயும் இப்படித்தான். எதக் கேட்டாலும் தலைய ஆட்டுதிய. அந்தப் பெரியவரு பேச்சே போச்சுன்னு நெனச்சிட்டாரு.” அந்த ‘நாலு வருஷ’த்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

பஞ்சை எடுத்துத் தாளில் சுருட்டினேன். கையால் வாயை மறைத்துக்கொண்டே கேட்டேன். “நாலு வருஷம். ஏம்டி ஒரு வார்த்த சொல்லல?”

“சொன்னா என்ன செய்வியன்னு தெரியும். அன்னிக்கோட பேச்ச நிப்பாட்டிருவிய. ராத்திரி வந்து யாரு எங்க இடிச்சா, யாரு பிரேக்குக்குப் பதிலா எத மிதிச்சான்னு சொல்லுவியளே, அது இல்லாமப் போயிரும். அதான் சொல்லல.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப இல்லாமத்தான் போச்சு. நாத்தத்துக்காவது மூச்சப் பிடிச்சிக்கிடலாம். இதுக்கு என்ன செய்யன்னு தெரியல.”

மாஸ்க் போட்ட அம்மாவையும் முதலாளியையும் நினைத்து இரண்டு மாதம் வெட்கப்பட்டேன். அத்தனை வெட்கத்தையும் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும் மறுதட்டை இது ஒன்றே கீழே இழுத்துவிடும். வாயிலிருந்து கையை எடுத்தேன். அவள் பக்கம் சாய்ந்து, அவள் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

“இப்ப நாறுதா?”

“நாறுது” என்றாள். “மருந்து, ரத்தம், எல்லாம் சேர்ந்து நாறுது.” ஆனால் அவள் நகரவில்லை. சிப்ஸ் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். “அந்த ஹாலுக்குள்ள என்னல்லாம் நடந்துச்சு? நீங்க விழுந்தப்ப விட்டதோட சரி, என்ன மறுபடி வெளிய அனுப்பிட்டாங்களே. மொதல்ல இருந்து சொல்லுங்க.”